கோடரி பிடிச்ச கை வக்கீல் ஆன கதை... 27 வயசில் சட்டம் படிச்சு ஜெயிச்ச லிங்கன்!

நாள் முழுக்க மூட்டை தூக்கியோ, மெஷின் ஓட்டியோ, பைக்ல டெலிவரி கொடுத்தோ களைச்சுப்போய் வீடு திரும்புறீங்க. சும்மா போனைப் புரட்டும்போது, ஸ்கூல்ல கூடப் படிச்ச ஒருத்தர் கறுப்பு கோட் போட்டு கோர்ட் வாசல்ல நிக்கிற போட்டோ கண்ணுல படுது. நாமளும் சட்டம் படிச்சிருக்கலாமோன்னு ஒரு நிமிஷம் தோணும். அடுத்த நிமிஷமே, `இனிமே எங்கே படிக்கிறது'ன்னு மனசு அந்த ஆசையை மூடி வெச்சிடும்.

இதே தயக்கத்தோட 1832-ம் வருஷம் அமெரிக்காவுல ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். வயசு 23. அவர் வேலை பார்த்த கடை நொடிச்சுப்போச்சு. தேர்தல்ல நின்னு தோத்தும் போயிருந்தார். அவர் முன்னாடி இருந்த வழிகள்ல ஒண்ணு, கொல்லர் பட்டறையில சேர்ந்து இரும்படிக்கக் கத்துக்கிறது. இன்னொண்ணு, சட்டம் படிக்கிறது. ஆறடி நாலு அங்குல உயரம், மரம் வெட்டி உரமேறிய கை. முதல் வழிக்கு உடம்பு தயாரா இருந்துச்சு. ரெண்டாவது வழியை நினைச்சப்போதான் பயம் வந்துச்சு. நாம படிச்ச படிப்புக்கு சட்டமெல்லாம் வராதுன்னு அவரே முடிவு பண்ணி ஒதுக்கி வெச்சார்.

அந்த இளைஞர் ஆப்ரஹாம் லிங்கன். அடிமை முறைக்கு முடிவு கட்டிய அதிபரா அவரை உங்களுக்குத் தெரியும். ஆனா, அன்னிக்கு ஒதுக்கி வெச்ச சட்டத்தை அவர் எப்படித் திரும்பக் கையில எடுத்தார்னு தெரியுமா? அதுக்கு அவருடைய அப்பாவோட நிலத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

பத்திரத்தால் போன நிலம்

1809 பிப்ரவரி 12, கென்டக்கி மாகாணத்துல ஒரே அறை கொண்ட மரக்கட்டை வீட்டுல பிறந்தார் லிங்கன். அப்பா தாமஸ், விவசாயி. தச்சு வேலையும் தெரியும். உழைச்ச காசுல நிலம் வாங்கினார். ஆனா, அந்தக் காலத்துல கென்டக்கியில நில அளவையும் பத்திரமும் ஒரே குளறுபடி. ஒரே நிலத்துக்கு ரெண்டு மூணு பேர் சொந்தம் கொண்டாடுவாங்க. தாமஸும் அதுல மாட்டிக்கிட்டு நிலத்தை இழந்தார். அடிமை முறை இருந்த மாகாணத்துல வாழப் பிடிக்காததும் சேர்ந்துக்க, 1816 கடைசியில குடும்பத்தோட இண்டியானா காட்டுக்குப் போயிட்டார்.

அப்போ லிங்கனுக்கு 7 வயசு. ஒரு காகிதம் சரியா இல்லைன்னா, வியர்வை சிந்தி உழுத மண் கையை விட்டுப் போயிடும்ங்கறதை அந்த வீடு பார்த்துடுச்சு.

அங்கே போனதும் அவர் கையில ஒரு கோடரியைக் கொடுத்தாங்க. காட்டை வெட்டினாத்தான் வயல். வயல் இருந்தாத்தான் சோறு. 9 வயசுல அம்மா நான்ஸி இறந்துட்டாங்க. விஷச்செடியைத் தின்ன மாட்டோட பாலைக் குடிச்சதால வந்த நோய். அடுத்த வருஷம் வந்த சின்னம்மா சாரா, கூடவே சில புத்தகங்களையும் கொண்டு வந்தாங்க. பையன் படிக்கட்டும்னு விட்டவங்களும் அவங்கதான்.

பள்ளிக்கூடம்? அங்கொண்ணும் இங்கொண்ணுமா போனதையெல்லாம் கூட்டினா, மொத்தமே ஒரு வருஷம்கூட வராது.

உழைப்பு அவருடையது, சம்பளம் அப்பாவோடது

மரத்தை வெட்டி, நீளமாப் பிளந்து, வயலுக்கு வேலிக் கட்டை தயார் பண்றதுதான் அவருக்கு அதிகம் கிடைச்ச வேலை. பக்கத்துப் பண்ணைகள்ல கூலிக்கும் போனார். ஆனா, கூலி அவர் கைக்கு வராது. 21 வயசு ஆகுற வரைக்கும் மகன் சம்பாதிக்கிறது அப்பாவுக்குத்தான் சொந்தம்னு அன்னிக்குச் சட்டம் இருந்துச்சு.

இதுக்கு நடுவுலதான் படிப்பு. ஒருமுறை பக்கத்துப் பண்ணைக்காரர்கிட்ட வாங்கிட்டு வந்த ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்க்கை வரலாறு மழையில நனைஞ்சுபோச்சு. விலையைக் கொடுக்க காசு இல்லை. அவரோட சோளக்காட்டுல சில நாள் வேலை செஞ்சு அந்தக் கடனைத் தீர்த்தார். தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட இண்டியானா மாகாணச் சட்டத் தொகுப்பு இருந்துச்சு. அதையும் கேட்டு வாங்கிப் படிச்சார். கதைப்புத்தகம் கிடைக்காத ஊர்ல, சட்டப் புத்தகமும் ஒரு புத்தகம்தானே!

ஒஹையோ ஆத்துல படகு ஓட்டினப்போ நடந்ததா சொல்லப்படுற ஒரு சம்பவமும் இருக்கு. நடு ஆத்துல நிக்கிற நீராவிக் கப்பலுக்குப் பயணிகளைத் தன் படகுல கொண்டுபோய் விடுவார். லைசென்ஸ் இல்லாம தொழில் பண்றார்னு எதிர்க்கரை படகுக்காரங்க வழக்குப் போட்டாங்க. ஆத்தைக் கடந்து அக்கரைக்கு ஏத்திட்டுப் போகத்தான் லைசென்ஸ் வேணும், நடு ஆறு வரைக்கும் போக வேண்டாம்னு தீர்ப்பாச்சு. சட்டத்துல இருக்குற ஒரு வார்த்தை ஒரு ஏழையைக் காப்பாத்தும்னு லிங்கன் நேர்ல தெரிஞ்சுக்கிட்டது அங்கேதான்.

1828-ல மாசம் 8 டாலர் சம்பளத்துக்குச் சரக்குப் படகுல நியூ ஆர்லியன்ஸ் வரைக்கும் போனார். 1830-ல குடும்பம் இல்லினாய்ஸுக்கு இடம் மாறுச்சு. அங்கேயும் கோடரி, வேலிக் கட்டை. 1831-ல மறுபடி ஒரு படகுப் பயணம். வழியில நியூ சேலம்ங்கற சின்ன ஊர்ல, படகு அணைக்கட்டு மேல ஏறி மாட்டிக்கிச்சு. அந்த ஊரே பிறகு அவருக்கு வீடாச்சு. படகு முதலாளி அங்கே திறந்த கடையில குமாஸ்தாவா சேர்ந்தார். அந்தக் கடைதான் அடுத்த வருஷம் நொடிச்சுப்போச்சு.

வேலையை விடலை, மாத்தினார்

இங்கேதான் நாம கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கு. லிங்கன் திடீர்னு ஒருநாள் கோடரியைத் தூக்கிப் போட்டுட்டு சட்டம் படிக்க உட்காரலை. உட்கார அவருக்கு வசதியும் இல்லை. உடம்பை முழுசா உறிஞ்சுற வேலையில இருந்து, படிக்க நேரம் விடுற வேலைக்கு ஒவ்வொரு படியா நகர்ந்தார்.

முதல்ல ஒரு கூட்டாளியோட சேர்ந்து கடனுக்குக் கடை வாங்கினார். அது படுத்துடுச்சு. 1833 மே மாசம் ஊர் போஸ்ட் மாஸ்டர் ஆனார். சம்பளம் சொற்பம். ஆனா, தபால்ல வர்ற பத்திரிகை எல்லாத்தையும் படிக்க முடிஞ்சுது. கடிதங்களைத் தொப்பிக்குள்ள வெச்சு எடுத்துட்டுப் போய் கொடுப்பார். அதே வருஷம் சர்வேயருக்கு உதவியாளர் வேலை கிடைச்சுது. அளவைக் கணக்கு தெரியாது. புத்தகம் வாங்கி, ராத்திரி பகலா உட்கார்ந்து தானே கத்துக்கிட்டார்.

1834-ல மறுபடி தேர்தல்ல நின்னு ஜெயிச்சார். இப்போ அவர் 25 வயசு மாகாண சட்டமன்ற உறுப்பினர். சட்டமன்றத்துக்குப் போட்டுக்கிட்டுப் போக நல்ல கோட் இல்லாம, கடன் வாங்கித் தைச்சுக்கிட்டார். ஜான் ஸ்டூவர்ட்ங்கற வக்கீல் அவருக்குப் பழக்கம். உன்னால சட்டம் படிக்க முடியும்னு அவர் தைரியம் சொன்னார், தன்னோட புத்தகங்களையும் கொடுத்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தன்னால முடியாதுன்னு ஒதுக்கின விஷயத்தை லிங்கன் திரும்பக் கையில எடுத்தது அப்போதான்.

ஸ்பிரிங்ஃபீல்ட் போய் புத்தகம் வாங்கி வரணும். சுமார் 20 மைல். ஆசிரியர் கிடையாது, வகுப்பு கிடையாது. பிளாக்ஸ்டோன் எழுதிய இங்கிலாந்துச் சட்ட விளக்க நூல்தான் அடிப்படை. மரத்தடியில படுத்துப் படிப்பார், நிழல் நகர நகர அவரும் நகர்வார்னு ஊர்க்காரங்க பின்னாடி நினைவு கூர்ந்தாங்க. வயித்துப்பாட்டுக்கு சர்வே வேலையும் கூடவே ஓடுச்சு. சட்டமன்றம் கூடினா படிப்பு நிக்கும், முடிஞ்சதும் தொடரும்.

நடுவுல அடி மேல அடி. 1835 ஜனவரியில கடைக் கூட்டாளி இறந்துட்டார். அவரோட பங்குக் கடனும் சேர்ந்து சுமார் 1,100 டாலர் இவர் தலையில விழுந்துச்சு. கடன்காரங்களுக்காக இவரோட குதிரையும் சர்வே கருவிகளும் ஏலத்துக்குப் போச்சு. நண்பர் ஒருத்தர் அதையெல்லாம் ஏலத்துல எடுத்து, திரும்ப இவர் கையிலேயே கொடுத்தார். அந்த ஆகஸ்ட்ல, அவர் நேசிச்சதா சொல்லப்படுற ஆன் ரட்லெட்ஜ் காய்ச்சல்ல இறந்துபோனாங்க. லிங்கன் உடைஞ்சுபோனதைப் பார்த்து ஊரே பயந்துச்சு.

ஆனாலும் புத்தகத்தை மூடலை. 1836 செப்டம்பர் 9-ம் தேதி வக்கீல் தொழிலுக்கு லைசென்ஸ் கிடைச்சது. வயசு 27.

1837 ஏப்ரல்ல கடன் வாங்கின குதிரையில, ரெண்டு பையோட ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்தார். ஒரு கடையில படுக்கை விலை கேட்டார். 17 டாலர். அது இல்லை, கிறிஸ்துமஸ் வரைக்கும் கடன் கிடைக்குமான்னு கேட்டார். அவர் முகத்துல இருந்த சோகத்தைப் பார்த்த கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீட், மாடியில தன்னோட படுக்கையிலேயே பாதி இடம் கொடுத்தார். ஸ்டூவர்ட்டோட கூட்டாளியா வக்கீல் வாழ்க்கை தொடங்குச்சு.

கைக்குத் தெரிஞ்சது கோர்ட்டுக்கும் உதவுச்சு

அடுத்த கால் நூற்றாண்டுல, கூட்டாளிகளோட சேர்ந்து 5,000-க்கும் அதிகமான வழக்குகளைப் பார்த்தார். ஊர் ஊரா குதிரையில போய் வாதாடினார். கடன் தகராறு, நிலத் தகராறு... இதெல்லாம் அவருக்குப் புத்தகப் பாடம் இல்லை. கடன்னா என்னன்னு அவருக்குத் தெரியும். நிலத்துல சங்கிலி பிடிச்சு அளந்தவரும் அவர்தான்.

1857-ல ஒரு பெரிய வழக்கு. மிசிசிப்பி ஆத்து மேல கட்டின ரயில் பாலத்துல நீராவிக் கப்பல் ஒண்ணு மோதி எரிஞ்சுபோச்சு. பாலத்தின் பக்கம் லிங்கன் ஆஜரானார். நீரோட்டம் எப்படி இழுக்கும், படகை எப்படித் திருப்பணும்னு படகோட்டியா இருந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லையே! ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியலை. பாலம் தப்பிச்சது.

1858-ல ஒரு கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட இளைஞர், நியூ சேலத்துல லிங்கனோட மல்யுத்தம் போட்டு பிறகு நண்பரான ஜாக் ஆம்ஸ்ட்ராங்கோட மகன். வேலை இல்லாத நாள்கள்ல லிங்கனுக்குச் சோறு போட்ட வீடு அது. நல்ல நிலா வெளிச்சத்துல பார்த்தேன்னு சாட்சி சொன்னார். லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டினார். அந்த நேரத்துக்கு நிலா அடிவானத்துக்கிட்ட இறங்கியிருந்துச்சு. இளைஞர் விடுதலை. ஃபீஸ் ஒரு பைசா வாங்கலை.

46 வயசிலும் மாணவர்

இதுக்கு முன்னாடி, 1855-ல அவருக்கு ஒரு அவமானமும் நடந்துச்சு. அறுவடை இயந்திரக் காப்புரிமை வழக்குக்காக சின்சினாட்டி போனார். அங்கே இருந்த பெரிய வக்கீல்கள், குறிப்பா எட்வின் ஸ்டான்டன், இந்தக் கிராமத்து மனுஷரை மதிக்கவே இல்லை. வாதாடவும் விடலை. கோபப்பட்டு ஊர் திரும்பியிருக்கலாம். லிங்கன் அங்கேயே உட்கார்ந்து, முறையாப் படிச்சு வந்த அந்த வக்கீல்கள் எப்படித் தயார் பண்ணியிருக்காங்க, எப்படிப் பேசுறாங்கன்னு கவனிச்சார். ஊருக்குப் போய் மறுபடி சட்டம் படிக்கணும்னு முடிவு பண்ணினதா அவரோட இருந்தவர் ஒருத்தர் பிறகு சொல்லியிருக்கார். இதே ஸ்டான்டனைத்தான் 1862-ல அதிபர் லிங்கன் தன்னோட போர்த்துறை அமைச்சரா நியமிச்சார்.

1860 மே மாசம் டிகேட்டர் நகர்ல கட்சி மாநாடு. அவரோட சேர்ந்து கட்டை பிளந்த உறவினர் ஜான் ஹாங்க்ஸ், ரெண்டு பழைய வேலிக் கட்டைகளைத் தூக்கிட்டு உள்ளே வந்தார். கூட்டம் ஆர்ப்பரிச்சது. கட்டை பிளந்தவர்ங்கறதே தேர்தல் பட்டமாச்சு. எந்த வேலையில இருந்து வெளியே வரணும்னு லிங்கன் அத்தனை வருஷம் படிச்சாரோ, அதே வேலை அவரைத் தோள்ல தூக்கிட்டுப் போச்சு.

ஒண்ணை மறைக்கக் கூடாது. அன்னிக்கு இல்லினாய்ஸ்ல வக்கீல் ஆகக் காலேஜ் தேவைப்படலை. இன்னிக்கு உங்களுக்குச் சட்டப் பட்டம் வேணும், பார் கவுன்சில் பதிவு வேணும், அகில இந்திய பார் தேர்வும் இருக்கு. மரத்தடி மட்டும் போதாது. செலவும் நாளும் ஆகும்.

ஆனா, லிங்கனோட கணக்கு இன்னமும் பொருந்தும். முடியாதுன்னு நினைச்ச 23 வயசுக்கும், லைசென்ஸ் வாங்கின 27 வயசுக்கும் நடுவுல நாலு வருஷம். அந்த நாலு வருஷத்துல அவர் ஒருநாள்கூட சம்பாதிக்கிற கவலை இல்லாத மாணவரா இருந்ததில்லை.

உங்க ஆசையும் எங்கேயாவது மூடி வெச்சிருந்தா, நாளைக்கே வேலையை விட வேண்டாம். இப்போ பார்க்குற வேலை படிக்க ஒரு மணி நேரமாவது விடுதா? விடலைன்னா, விடுற வேலை எதுன்னு தேடிப்பாருங்க. லிங்கன் முதல்ல தேடினதும் அதைத்தான்.