ஜெரார்டு கைப்பர்

ஒல்லாந்து நாட்டின் வடபகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றில், தையற்காரர் ஒருவருக்கு மகனாக 1905ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜெரார்டு கைப்பர் பிறந்தார். இளமையிலேயே அவர்தம் கண்ணொளி வியத்தற்குரியது. பிறர் காணும் மிக மங்கிய விண்மீனினும் நான்கு மடங்கு மங்கியதை வெறுங்கண்ணாற் காண்பார் என்பர். லெய்டன் பல்கலைக்கழகத்தில் வானநூல் கற்று, 1933இல் அமெரிக்கா சென்றார்.

வியாழன் நம்மை மிக நெருங்கும் காலத்தும் ஏறத்தாழ 60 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் துணைக்கோளிலுள்ள பொருளைக் கையில் எடுத்து ஆராய்தல் இயலுமோ? அங்கிருந்து நம்மை அடைவது ஒளி ஒன்றே; அதுவும் கதிரவனிடம் கடன் பெற்ற ஒளி. எனினும், ஒளி பட்ட பொருள் தனக்கு இசைந்த கதிர்களை விழுங்கிவிட்டு, எஞ்சியவற்றையே திருப்பியனுப்புகின்றது. மறைந்த கதிர்கள் எவையென அறிந்தால், அவற்றை விழுங்கிய பொருள் எதுவெனத் தெளியலாம். களவுபோன பொருளைக்கொண்டு கள்வனை அறிவது போன்றது இது.

இம்முறையாற் கைப்பர், போர்ப்பணியிலிருந்து சிறிது ஓய்வு கிடைத்த 1943-44 குளிர்காலத்தில், டெக்சாசு மாநிலத்து மக்டொனால்டு ஆய்வகத்திலிருந்து சனியின் துணைக்கோளாகிய டைட்டனை ஆராய்ந்தார். அதனை மீத்தேன் வளி சூழ்ந்திருத்தலைக் கண்டார். துணைக்கோளுக்கும் வளிமண்டலம் உண்டென்பது அதுகாறும் ஐயுறப்பட்டதேயன்றி நிறுவப்பட்டதன்று.

பனிக்கட்டியோ, கண் காணும் ஒளியில் எளிதிற் பிடிகொடாது. அது மிகுதியும் விழுங்குவது அகச்சிவப்புக் கதிர்களை. கைப்பரின் கூரிய கண்ணும் அங்கே பயன்படவில்லை. போர்க்காலத்தில் மறைவாக உருவாக்கப்பட்ட ஈயச் சல்பைடு உணர்கருவி, போர் முடிந்தபின் அறிஞர் கைக்கு எட்டியது. கைப்பர் அதனைத் தொலைநோக்கியோடு பொருத்தினார். சனியின் வளையங்களில் பனியின் அறிகுறி தோன்றியது. வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களுள் யுரோப்பா, கானிமீடு என்னும் இரண்டு மட்டும் இரண்டு மைக்ரான் அலைநீளத்தருகே மங்கித் தோன்றின. அவற்றை உறைபனி போர்த்திருத்தல் கூடும் என 1957இல் அறிவித்தார்.

ஆயினும் ஐயம் அகலவில்லை. நம் காற்றிலுள்ள நீராவியும் ஏறத்தாழ அதே கதிர்களை விழுங்குகின்றது. வாயிலில் நின்ற நீரே அயலுலகத்து நீரை மறைத்தது! ஆகவே, ஈரம் குன்றிய உயரங்களை அவர் நாடினார். ஹவாய்த் தீவில் 4,200 மீட்டர் உயர்ந்த மௌனா கியா மலையை 1964இல் ஆராய்ந்து, வானாய்வுக்கு ஏற்றதெனக் கண்டார். அங்கே பெருந்தொலைநோக்கி நிறுவும் பொறுப்போ ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. அவ்வருத்தம் அவருக்கு எளிதில் ஆறவில்லை. எனினும் ஓய்ந்தாரல்லர். 1967இல் வானூர்தியிலேயே தொலைநோக்கியை ஏற்றிச் சென்று வெள்ளிக் கோளை ஆராய்ந்தார்.

1972இல் வேறு ஆய்வாளர்கள் நுண்ணிய நிறமாலைகளைக்கொண்டு, யுரோப்பாவிலும் கானிமீடிலும் உள்ளது நீர்ப்பனியே என்று ஐயமற நிறுவினர். அதனைக் காணும்வரை கைப்பர் உயிர்வாழ்ந்தார். மறு ஆண்டு டிசம்பர்த் திங்களில், மெக்சிகோ நகருக்குச் சென்றிருந்தபோது இயற்கை எய்தினார். வானூர்தியில் அமைந்த அகச்சிவப்பு ஆய்வகம் ஒன்றுக்கு 1975இல் அவர்தம் பெயர் சூட்டப்பெற்றது.