நாபியில் எழுந்த நாதம்

சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள், 1767ஆம் ஆண்டு மே திங்கள் 4ஆம் நாள் திருவாரூரில், இராமபிரம்மம் – சீதம்மா தம்பதியரின் திருக்குமாரராக அவதரித்தார். அத்தலத்து எம்பெருமானின் திருநாமமே குழந்தைக்குச் சூட்டப்பெற்றது. பின்னர்க் குடும்பம் திருவையாற்றில் குடியேற, தஞ்சை அரண்மனை வித்துவான் சொண்டி வேங்கடரமணய்யரிடம் சங்கீத சிக்ஷை பெற்றார்.

இன்குரல் என்பது தொண்டையில் மட்டும் பிறப்பதன்று என்பது சுவாமிகள் கண்ட உண்மை. ஜகன்மோகினி ராகத்தில் அமைந்த 'சோபில்லு' கிருதியில், ஏழு சுரங்களும் நாபி, இருதயம், கண்டம், நாக்கு, நாசி முதலிய இடங்களில் ஒளிர்வதாகப் பாடியுள்ளார். சாரமதி ராகத்து 'மோக்ஷமு கலதா'விலோ, பிராணனும் அக்கினியும் கூடிப் பிரணவ நாதம் எழுந்து, அதுவே ஏழு சுரங்களாய் விரிகிறது என்கிறார். இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. தம்புராவை மீட்டி ஆதார சட்ஜத்தில் நின்று பழகியோர் இதனை உடலால் அறிவர். மூச்சு அடிவயிற்றிலிருந்து தடையின்றி எழுங்கால் மார்பு அதிர்கிறது. மேல் ஸ்தாயி செல்லச் செல்ல அவ்வதிர்வு முகத்திலும் தலையிலும் உணரப்படுகிறது. தொண்டை இறுகிவிட்டாலோ அதிர்வு அடங்கி, வெறும் சத்தமே மிஞ்சுகிறது. பாடுபவர் தம் குரலை எலும்பின் வழியாகவும் கேட்பதால், பிறர் கேட்பது போல் அவருக்கு அது கேட்பதில்லை. ஆகவே செவியோடு உடலுணர்வும் துணை நிற்றல் வேண்டும். ஒலிபெருக்கியை நம்பித் தொண்டையால் கத்துவோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய நாதத்தை எவர் பொருட்டு எழுப்புவது என்பதிலேதான் சுவாமிகளுக்குச் சோதனை வந்தது. அவர் உஞ்சவிருத்தி மேற்கொண்டு, வீதிதோறும் பாடிச் சென்று, கிடைத்த அரிசியில் வாழ்ந்தவர். தஞ்சை மன்னர் சரபோஜி அவரை அரசவைக்கு அழைத்தார் என்றும், அதனை மறுத்தபோது பிறந்ததே கல்யாணி ராகத்து 'நிதி சால சுகமா' என்றும் கூறுவர். வாசலுக்கு வந்த செல்வம் திரும்பியது கண்டு சினந்த தமையனார், தம்பி பூஜித்து வந்த இராம விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்துவிட்டாராம். அதனைத் தேடித் தேடி உருகிய நாட்களில் பிறந்த கிருதிகளும் உண்டு என்பர். நெடுநாள் கழித்தே விக்கிரகம் ஆற்று மணலில் கிட்டிற்று. அப்போதும் சுவாமிகள் அரசவைப் பக்கம் சென்றாரல்லர்.

இறுதியில் சந்நியாசம் பெற்று, 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று இறையடி சேர்ந்தார். காவிரிக் கரையில் அவரது சமாதி அமைந்த இடத்திலே பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டு ஆலயம் எழுப்பினார். ஆண்டுதோறும் அப்பஞ்சமியில் அங்கே வித்துவான்கள் கூடியமர்ந்து, பஞ்சரத்தின கிருதிகளை ஒரே சுருதியில் பாடி ஆராதனை செய்கின்றனர்.