லாண்ட்மாஸ்டரும் ஒரு விமானியும்: ரே விஜேவர்தனவை நான் அறிந்துகொண்ட கதை

எங்கள் படுவான்கரையில் வானத்தில் இரைச்சல் கேட்டால் பெரியவர்கள் முதலில் பிள்ளைகளைத்தான் தேடுவார்கள். வருவது பொம்பரா, ஹெலியா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். சொல்லி முடிப்பதற்குள் பங்கருக்குள் இறங்கியிருப்போம். அப்படி வளர்ந்த எனக்கு, இதே தீவில் ஒருவர் சிறிய விமானங்களைத் தன் கையாலேயே கட்டி, தானே ஓட்டிப் பறந்தார் என்று அறிந்தபோது முதலில் வந்தது எரிச்சல். நாங்கள் வானத்துக்குப் பயந்து குனிந்திருந்த காலத்தில் ஒருவர் அதில் விளையாடிக்கொண்டிருந்தாரா என்று நினைத்தேன்.

அவர் பெயர் ரே விஜேவர்தன. 2010 ஓகஸ்ட் 18ஆம் திகதி, தன் 86ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பாக, அவர் காலமானார். அப்போது பத்திரிகையில் வந்த சிறு குறிப்பொன்றில்தான் அவர் பெயரை முதன்முதலில் பார்த்தேன். அதே குறிப்பில் இன்னொரு பெயரும் இருந்தது: லாண்ட்மாஸ்டர்.

அந்தப் பெயரை எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரண்டு சில்லும் நீண்ட கைபிடியும் உள்ள உழவு இயந்திரம் எந்த நாட்டில் செய்யப்பட்டிருந்தாலும், எந்தக் கம்பனியின் பெயர் அதில் ஒட்டியிருந்தாலும், எங்களுக்கு அது லாண்ட்மாஸ்டர்தான். வட்டைக்குள் உழுவதும் அதுதான், பெட்டியைப் பூட்டி நெல்மூட்டை ஏற்றுவதும் அதுதான். 2007 மார்ச்சில் படுவான்கரை இடம்பெயர்ந்தபோது வவுணதீவுப் பக்கமாக வலையிறவுப் பாலத்தை நோக்கிப் போன சனத்தோடு நாங்களும் போனோம். அம்மம்மா, இரண்டு பாய், ஒரு மூட்டை அரிசி, அயல்வீட்டுக் கைக்குழந்தை என்று எல்லாவற்றையும் இழுத்துப் போனது அப்பாவின் லாண்ட்மாஸ்டர்தான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்று தெரிந்தபிறகு அவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

ரே விஜேவர்தன 1924இல் பிறந்தவர். வசதியான கொழும்புக் குடும்பம். கல்கிசை சென் தோமஸ் கல்லூரியில் படித்து, பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்றார். 1950களில், சேற்று வயலில் எருமையின் வேலையைச் செய்யக்கூடிய சிறிய இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். நொட்டிங்ஹாம் நகரிலிருந்த லாண்ட்மாஸ்டர் கம்பனி அதைத் தயாரித்தது. நெல் விளையும் வெப்ப நாடுகள் பலவற்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் இலங்கைக்காகப் போட்டியிட்டார். பிறகு நைஜீரியாவின் இபாடனிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். கடைசிக் காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார்.

இவற்றைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. தனக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த இயந்திரமே ஒரு பிழை என்று அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லிவந்தார். தான் விவசாயத்தை முன்னேற்றவில்லை, எருமையை மட்டும் இயந்திரமாக்கிவிட்டேன் என்பது அவர் கணக்கு. எருமை பால் தரும், சாணம் தரும், கன்று போடும். இயந்திரமோ எண்ணெய் கேட்கும், உதிரிப்பாகம் கேட்கும், கடைசியில் இரும்பாகும். அதனால் மண்ணைக் கிளறாமலே விதை ஊன்றும் முறைகளை ஆபிரிக்காவில் சோதித்தார். ஊர் திரும்பியபின், எங்கள் வேலிகளில் நிற்கிற கிளிசரியாவைப் பசளைக்கும் மின்சாரத்துக்கான விறகுக்கும் வளர்க்கச் சொல்லி ஊரூராகப் பேசினார்.

விமானம் அவருடைய இன்னொரு பக்கம். சாதாரண விமானம், ஹெலிகொப்டர், தலைக்கு மேல் சுழலி கொண்ட ஜைரோகொப்டர் மூன்றையும் ஓட்டத் தெரிந்தவர். நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிறு விமானம் உட்படப் பலவற்றைத் தானே வடிவமைத்துக் கட்டினார். எழுபது வயதைக் கடந்தும் பறந்தார்.

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் எதைப் பற்றி யோசிப்பார்கள் என்று தேடியபோது, இறக்கையையும் எஞ்சினையும் பற்றித்தான் நிறைய இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் நாட்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் விடயங்களில் ஒன்று, ‘ட்ரிம்’ என்கிற சின்னப் பிடியை எங்கே வைப்பது என்பது.

வாவியில் தோணி விட்டவர்களுக்கு ட்ரிம் என்றால் என்னவென்று உடனே விளங்கும். முன்பக்கம் பாரம் கூடி அணியம் தாழ்ந்தால், ஒருவரைப் பின்னுக்கு நகர்ந்து இருக்கச் சொல்வோம். விமானத்தில் அப்படி நகர முடியாது. எரிபொருள் குறையக் குறைய, ஆள் ஏற இறங்க, வேகம் மாற மாற, மூக்கு ஒன்றில் தாழப் பார்க்கும் அல்லது உயரப் பார்க்கும். விமானி அதை எதிர்த்துச் சுக்கானை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் அப்படிப் பிடித்தால் கை மரத்துவிடும். ட்ரிம் அந்தச் சுமையைக் கையிலிருந்து எடுத்துவிடும். வால் இறக்கையின் பின்விளிம்பிலுள்ள சிறு தகடு ஒன்றையோ, சுக்கானோடு பூட்டிய சுருள்வில் ஒன்றையோ அது நகர்த்தும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் அதன் பிடி இருக்கும் இடம் பிழைத்தால் அதுவே ஆபத்து. வலது கை சுக்கானிலும் இடது கை எஞ்சின் வேகப் பிடியிலும் இருக்கும் விமானத்தில், ட்ரிம் இடது கைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பட்டியை இறுக்கிக் கட்டியபடி, முதுகை ஆசனத்திலிருந்து எடுக்காமல் எட்ட வேண்டும். முன்னுக்குத் தள்ளினால் மூக்கு தாழ வேண்டும், பின்னுக்கு இழுத்தால் உயர வேண்டும். மறுபக்கமாக வைத்தால், அவசரத்தில் கை பழக்கத்தில் போய்ப் பிழைவிடும். பக்கத்திலுள்ள மற்றப் பிடிகளிலிருந்து அதன் வடிவம் வேறுபட்டிருக்க வேண்டும், தடவிப் பார்த்தே எது எதுவென்று தெரியும்படி. முழங்காலோ சட்டைக் கையோ பட்டு நகராதபடி சற்று இறுக்கமாக இருக்க வேண்டும். கிளம்பும்போது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதற்குக் கண்ணில் படும் அடையாளமும் வேண்டும்.

இதையெல்லாம் தாளில் வரைந்து மட்டும் தீர்மானிக்க முடியாது. பலகையில் ஒரு போலி இருக்கையைச் செய்து, அதில் ஏறி இருந்து, பட்டியைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிப் பார்க்க வேண்டும். கை தானாகப் போய் நிற்கும் இடத்தில்தான் பிடி வர வேண்டும்.

இடம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு மரணம் இருக்கிறது. அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர் 1997 ஒக்டோபர் 12ஆம் திகதி, தான் வாங்கி அதிக நாள் ஆகாத வீட்டுத் தயாரிப்பு விமானம் ஒன்றோடு கலிபோர்னியாவின் மொன்டரே குடாவில் விழுந்து இறந்தார். எரிபொருள் தாங்கியை மாற்றும் பிடி, மூல வரைபடத்தில் விமானியின் கால்களுக்கிடையே இருந்தது. அந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதை எட்டுவதற்கு உடம்பைத் திருப்பியபோது வலது கால் மிதியை அழுத்தியிருக்க வேண்டும், அதனால் விமானம் கட்டுப்பாடு இழந்தது என்பது விசாரணையின் முடிவு.

இதை வாசித்தபோது எனக்கு அப்பாவின் இடது கை நினைவுக்கு வந்தது.

1990களில் செல்லடியில் அப்பாவின் இடது கை விரல்கள் மூன்றின் வலு போனது. எங்கள் உழவு இயந்திரத்தில் இடப்பக்கம் திருப்ப, இடது கைபிடிக்குக் கீழுள்ள கிளட்சை நெரிக்க வேண்டும். அவரால் நெரிக்க முடியாது. முதல் போகத்தில் வலப்பக்கமாக மட்டும் திரும்பித் திரும்பியே உழுதார். மூலைகளை நாங்கள் மண்வெட்டியால் கொத்தினோம். வட்டையில் சிலர் சிரித்தார்கள். இயந்திரத்தை விற்றுவிடுவோம் என்று அம்மா அழுதா.

எங்கள் ஊர் வெல்டிங் கடைக்காரர் ஒருவர் சைக்கிள் பிரேக் கேபிளை வாங்கி, இடக் கிளட்சை வலது கைபிடிக்குக் கொண்டுவந்து தந்தார். முதல் நாளே இரண்டு கிளட்சும் ஒன்றாக நெரிபட்டு, இயந்திரம் வரம்பில் ஏறிச் சரிந்தது. இரண்டு பிடியும் ஒரே வடிவம், ஒரே இடம். கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் அப்பாவையே கைபிடிக்குப் பின்னால் நிற்கவைத்து, கண்ணை மூடிப் பிடிக்கச் சொன்னார். கட்டைவிரல் போய் நின்ற இடத்தில் புதுப் பிடியை ஒட்டி, அதன்மேல் பழைய டியூப்பைச் சுற்றிவிட்டார். அதன்பிறகு இடம்பெயரும் வரை அப்பா அதில்தான் உழுதார். அந்தப் பிடியோடுதான் எங்களை வலையிறவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த வெல்டிங் கடைக்காரர் விமானத்தைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஆனால் சொந்த விமானம் கட்டுகிறவர்கள் செய்யும் அதே வேலையைத்தான் அவர் செய்தார்.

ரே விஜேவர்தன மீதிருந்த என் எரிச்சல் இப்போது இல்லை. அவருக்கும் எங்களுக்கும் இடையில் இனம், பணம், கொழும்பு, யுத்தம் என்று எல்லாம் இருந்தன. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. ஆனால் தான் கட்டிய விமானத்தில் தானே ஏறி இருந்தவர் அவர். ஒரு பிடி பிழையான இடத்தில் இருந்தால் முதலில் விழப்போவது அவர்தான். உழவு இயந்திரத்தின் பின்னால் நடந்தது வேறு மனிதர்கள். அவர்கள் சுமந்த செலவையும் பின்னாளில் எண்ணிப் பார்த்து, பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். புகழ் வந்தபின் அப்படிச் சொல்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

யுத்தம் முடிந்தபின் எங்கள் பக்கம் எத்தனையோ உதவிகள் வந்தன. தையல் மெஷின், தண்ணீர் பம்பி, உழவு இயந்திரம், சில்லு நாற்காலி. கையோ காலோ இழந்த எத்தனையோ பேருக்கு அவை அப்படியே பெட்டியோடு கொடுக்கப்பட்டன. பல வீடுகளில் அவை இன்றும் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கின்றன. ஒரு விரற்கடை இடம் மாறியிருந்தால் அவற்றில் பாதியாவது ஓடியிருக்கும். கொடுப்பதற்கு முன் அந்த ஆளை அதில் ஒருமுறை இருத்தி, கண்ணை மூடிக் கையை நீட்டச் சொல்லுங்கள். அதற்குப் பெரிய செலவில்லை. எங்களுக்கு ஒரு சைக்கிள் கேபிளும் ஒரு துண்டு டியூப்பும்தான் செலவானது.