வர்ஜீனியா ஆப்கார்

வர்ஜீனியா ஆப்கார் (ஜூன் 7, 1909 – ஆகஸ்ட் 7, 1974) அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவரும் மயக்க மருந்தியல் வல்லுநரும் ஆவார். குழந்தை பிறந்த முதல் நிமிடத்திலேயே அதன் உடல்நிலையை மதிப்பிடுவதற்கு இவர் 1952 ஆம் ஆண்டில் முன்வைத்த முறை, ஆப்கார் மதிப்பெண் என்ற பெயரில் உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது. இந்திய மருத்துவமனைகளின் பிரசவக் குறிப்பேடுகளிலும் குழந்தையின் எடை, பிறந்த நேரம் ஆகியவற்றோடு இம்மதிப்பெண் பதியப்படுவதைக் காணலாம். பிற்காலத்தில் பிறவிக் குறைபாடுகள் பற்றிய ஆய்வுக்கும் பொதுமக்கள் கல்விக்கும் இவர் பெரும்பணி ஆற்றினார்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள வெஸ்ட்ஃபீல்டு என்னும் ஊரில், சார்லஸ் ஆப்கார், ஹெலன் ஆகியோரின் மூன்று பிள்ளைகளில் இளையவராக இவர் பிறந்தார். தந்தை காப்பீட்டுத் துறையில் பணியாற்றியவர். ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே வானொலிக் கருவிகளை அமைத்து ஆராய்ந்தவர். முதல் உலகப் போரின்போது, 1915 இல், லாங் தீவின் சேவில் நிலையத்திலிருந்து சென்ற செருமானியச் செய்திகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்து அரசுக்கு அளித்ததால் அவர் பெயர் நாளிதழ்களில் அடிபட்டது. ஆப்காரின் மூத்த அண்ணன் சிறுவயதிலேயே காசநோயால் இறந்தார். மற்றோர் அண்ணன் நீண்டகால நோயாளி. இவர் மருத்துவம் படிக்க விரும்பியதற்கு இச்சூழல் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1929 இல் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் விலங்கியலில் பட்டம் பெற்றார். செலவுக்குப் பணம் போதாமையால் கல்லூரியிலேயே பல சிறு வேலைகளைச் செய்தார். உடலியங்கியல் ஆய்வுக்கூடத்துக்குப் பூனைகளைப் பிடித்துத் தருவதும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களில் பங்குச் சந்தை வீழ்ந்து பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியது. கடன் வாங்கிப் படித்து 1933 இல் வகுப்பில் நான்காவது மாணவராகத் தேறினார்.

அறுவை மருத்துவத்திலிருந்து விலகல்

ஆப்கார் அறுவை மருத்துவராகவே விரும்பினார். பிரெஸ்பிட்டேரியன் மருத்துவமனையில் அறுவைப் பிரிவில் பயிற்சியும் பெற்றார்; திறமை போதவில்லை என்று எவரும் கூறவில்லை. ஆயினும் அப்பிரிவின் தலைவரான ஆலன் விப்பிள், தாம் முன்னர்ப் பயிற்றுவித்த பெண்கள் தொழிலில் நிலைபெற முடியாமல் போனதைச் சுட்டிக்காட்டி, இவரை மயக்க மருந்தியலுக்கு மாறும்படி அறிவுறுத்தினார். அந்நாளில் அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் பணியைப் பெரும்பாலும் செவிலியரே செய்துவந்தனர். அது தனி மருத்துவத் துறையாக வளரவில்லை. பாதுகாப்பான மயக்கம் இல்லாமல் அறுவை மருத்துவம் மேலே செல்ல இயலாது என்பதை விப்பிள் உணர்ந்திருந்தார். அவர் கூறியது நல்லெண்ணத்தாலா, பெண்ணை விலக்குவதற்காகவா என்னும் கேள்விக்கு, இரண்டும் கலந்திருந்தன என்பதே பொருத்தமான விடையாகத் தோன்றுகின்றது.

முதலில் அதே மருத்துவமனையின் செவிலியரிடம் பயின்ற ஆப்கார், பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வாட்டர்ஸ் என்பவரிடமும், நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையில் எமரி ரோவன்ஸ்டைன் என்பவரிடமும் ஆறு மாதங்கள் வீதம் பயிற்சி பெற்றார். விஸ்கான்சினில் பெண் மருத்துவருக்கெனத் தங்குமிடம் இல்லாததால் அலைய நேர்ந்தது. 1938 இல் கொலம்பியாவுக்குத் திரும்பி மயக்க மருந்தியல் பிரிவின் தலைவரானார். அங்கு ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் இவரே. தலைமை என்றாலும் தொடக்கத்தில் பிரிவில் இருந்த மருத்துவர் இவர் ஒருவர்தான். அறுவை மருத்துவர்கள் மயக்க மருந்தியலாளரைத் தமக்கு நிகராக ஏற்கவில்லை, ஊதியமும் குறைவு, ஆகவே புதியவர்கள் இத்துறைக்கு வரத் தயங்கினர்.

பதினொரு ஆண்டு உழைப்பில் அப்பிரிவு வளர்ந்து தனித் துறையாக உயர்ந்தது. ஆனால் 1949 இல் அத்துறையின் தலைமை இமானுவேல் பேப்பர் என்பவருக்குச் சென்றது. ஆப்காருக்கு முழுப் பேராசிரியர் பதவி வழங்கப்பட்டது. அக்கல்லூரியில் அப்பதவியைப் பெற்ற முதல் பெண் இவர். பெண் என்பதால் தமக்குத் தடை ஏதும் இல்லை என்றே இவர் பொதுவில் கூறிவந்தார். தனிப்பட்ட முறையில், குறிப்பாக ஊதிய வேறுபாடு குறித்து, மனக்குறை கொண்டிருந்தார். நிர்வாகச் சுமை நீங்கியதால் இவர் ஸ்லோன் மகளிர் மருத்துவமனையின் பிரசவ அறைக்குச் சென்றார். பின்னர் இவர் பெயர் நிலைத்தது அங்கு செய்த பணியாலேயே.

முதல் நிமிடம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் குழந்தை இறப்பு வீதம் பொதுவாகக் குறைந்துவந்தது. ஆனால் பிறந்த முதல் நாளில் இறக்கும் குழந்தைகளின் வீதம் அவ்வாறு குறையவில்லை. பிரசவ அறையில் மருத்துவர்களின் கவனம் பெரும்பாலும் தாயின் மீதே இருந்தது. குழந்தை துணியில் சுற்றப்பட்டு வேறிடம் கொண்டுசெல்லப்படும். நீலம் பாரித்து, மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைக்கு என்ன செய்வது என்பதில் ஒழுங்கான நடைமுறை இல்லை. தட்டுவது, வெந்நீரிலும் தண்ணீரிலும் மாறி மாறி அமிழ்த்துவது முதலிய பழைய வழக்கங்கள் முற்றும் மறையவில்லை. பிழைக்காது என்று கருதப்பட்ட குழந்தைகள் முயற்சி இன்றியே கைவிடப்பட்டதும் உண்டு.

1949 ஆம் ஆண்டில் ஒருநாள் காலை, மருத்துவமனை உணவகத்தில் மாணவர் ஒருவர், பிறந்த குழந்தையின் நிலையை எவ்வாறு மதிப்பிடுவது என்று ஆப்காரிடம் கேட்டாராம். அது எளிது என்று கூறிய இவர், கையில் கிடைத்த தாளில் ஐந்து குறிப்புகளை எழுதிவிட்டு, அவற்றைச் சோதித்துப் பார்ப்பதற்காக உடனே பிரசவ அறைக்கு விரைந்தார் என்பது பலராலும் சொல்லப்படும் செய்தி.

அந்த ஐந்தும் இதயத் துடிப்பு, மூச்சு முயற்சி, தசை இறுக்கம், தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம் என்பனவாகும். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண் தரப்படும், மொத்தம் 10. எடுத்துக்காட்டாக, ஒரு குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடித்தால் 2. மூச்சு மெலிவாகவும் ஒழுங்கற்றும் இருந்தால் 1. கைகால்கள் சிறிதளவே மடங்கியிருந்தால் 1. மூக்கில் குழாயை நுழைக்கும்போது அழாமல் முகத்தை மட்டும் சுளித்தால் 1. உடல் சிவந்தும் கைகால்கள் நீலமாகவும் இருந்தால் 1. அக்குழந்தையின் மதிப்பெண் 6 ஆகும். பிறந்தவுடன் கைகால்கள் நீலமாக இருப்பது இயல்பே ஆதலால், முதல் நிமிடத்தில் 10 பெறும் குழந்தைகள் குறைவு. ஐந்தில் நிறமே நம்பகம் குறைந்த அறிகுறி என்பதை ஆப்காரே ஒப்புக்கொண்டார். தோல் கறுத்த குழந்தைகளிடம் நிறத்தை மதிப்பிடுவது மேலும் கடினம் என்னும் விமரிசனம் இன்றும் தொடர்கின்றது.

இம்முறைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கண்ணும் காதும் கையும் ஒரு கடிகாரமும் போதும். ஆப்கார் வலியுறுத்திய மற்றொன்றும் கவனிக்கத்தக்கது: பிரசவம் பார்த்தவர் மதிப்பெண் போடலாகாது. தம் வேலை நன்றாக முடிந்தது என நம்ப விரும்புபவர் தம்மை அறியாமலே கூட்டிப் போட்டுவிடுவார் என்பதே காரணம்.

1952 இல் ஒரு மருத்துவ மாநாட்டில் இம்முறையை விளக்கிய இவர், 1953 இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 8 முதல் 10 வரை பெற்ற குழந்தைகள் நல்ல நிலையிலும், 0 முதல் 2 வரை பெற்றவை மிக மோசமான நிலையிலும் இருப்பதாகப் பகுத்தார். அறுவைப் பிரசவத்தின்போது தாய்க்கு முழு மயக்கம் கொடுக்கப்பட்ட குழந்தைகளைவிட, முதுகுத் தண்டில் மருந்து செலுத்தப்பட்ட தாய்மாரின் குழந்தைகள் கூடுதலான மதிப்பெண் பெற்றதும் இக்கட்டுரையில் தெரியவந்தது. 1958 இல் வெளியான இரண்டாம் அறிக்கை 15,348 குழந்தைகளை உள்ளடக்கியது.

ஒப்பிடத்தக்க எண் ஒன்று கிடைத்ததே இதன் பெரும் பயன் எனலாம். ஒரு மருத்துவமனையின் குழந்தைகளை இன்னொன்றின் குழந்தைகளோடும், ஒரு மயக்க மருந்தின் விளைவை மற்றொன்றின் விளைவோடும் ஒப்பிட முடிந்தது. அதைவிட முதன்மையானது, எண் எழுதவேண்டும் என்பதற்காகவாவது ஒருவர் குழந்தையின் அருகில் நின்று அதைப் பார்த்தாக வேண்டும் என்பது.

குருதியில் தேடிய விடை

மதிப்பெண் குறைவதன் காரணத்தை அறிய, நியூசிலாந்தில் பிறந்த குழந்தை மருத்துவர் ஸ்டான்லி ஜேம்ஸ், மயக்க மருந்தியலாளர் டங்கன் ஹாலடே ஆகியோருடன் ஆப்கார் ஆய்வு செய்தார். தொப்புள்கொடிக் குருதியில் உயிர்வளியின் அளவையும் அமிலத்தன்மையையும் அளந்தனர். பிறக்கும்போது உயிர்வளி குறைந்திருப்பது இயல்பே என்னும் பழைய கருத்து இதனால் ஆட்டம் கண்டது. உயிர்வளிக் குறைவும் அமில மிகுதியும் கொண்ட குழந்தைகளின் மதிப்பெண் தாழ்ந்திருந்தது. உடனடியாக மூச்சுக்கு உதவினால் அவை தேறும் வாய்ப்பு உண்டு என்பதும் புலனாயிற்று. தாய்க்குக் கொடுக்கப்பட்ட சைக்ளோபுரொப்பேன் வாயு குழந்தையைச் சோர்வுறச் செய்கின்றது எனத் தெரிந்தபோது, தாம் மிகவும் விரும்பிப் பயன்படுத்திய வாயுவாயினும் பிரசவத்தில் அதைக் கைவிட்டார். இவர் தம் பணிக்காலத்தில் 17,000 க்கும் மேற்பட்ட பிரசவங்களில் பங்கேற்றதாகக் கூறப்படுகின்றது.

மதிப்பெண்ணின் பயனும் எல்லையும்

பன்னிரண்டு நிறுவனங்களில் 17,221 குழந்தைகளை ஆராய்ந்த கூட்டுத் திட்டம், ஐந்தாம் நிமிட மதிப்பெண் உயிர்பிழைப்பை முன்னறிய உதவும் என 1960களில் காட்டியது. இதனால் ஒன்று, ஐந்து ஆகிய இரு நிமிடங்களிலும் மதிப்பிடும் வழக்கம் ஏற்பட்டது. டாலசில் 1988 முதல் 1998 வரை பிறந்த குழந்தைகளைப் பற்றி 2001 இல் வெளியான ஆய்வில், நிறைமாதக் குழந்தைகளுள் ஐந்தாம் நிமிடத்தில் 7 முதல் 10 வரை பெற்றவற்றில் ஆயிரத்துக்கு 0.2 இறந்தன, 0 முதல் 3 வரை பெற்றவற்றில் ஆயிரத்துக்கு 244 இறந்தன.

எனினும் இம்மதிப்பெண்ணைத் தவறாகப் பயன்படுத்துவதும் பரவியது. தனியொரு குழந்தையின் பிற்கால அறிவு வளர்ச்சியையோ மூளைப் பாதிப்பையோ இவ்வெண்ணைக் கொண்டு கணிக்க இயலாது. குறைமாதம், தாய் உட்கொண்ட மருந்துகள், பிறவிக் குறைபாடு எனப் பல காரணங்களால் மதிப்பெண் குறையக்கூடும். மதிப்பிடுபவருக்கேற்ப மாறுவதும் உண்டு. மூச்சு விடாத குழந்தைக்கு உதவி செய்ய ஒரு நிமிடம் முடியும்வரை காத்திருப்பதும் தவறு. இன்றைய நெறிமுறைகளின்படி உயிர்ப்பிக்கும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

1962 இல் ஜோசப் பட்டர்ஃபீல்டு என்னும் குழந்தை மருத்துவர், தோற்றம், நாடி, முகச்சுளிப்பு, அசைவு, மூச்சு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் ஆப்கார் என்னும் பெயராக அமையும்படி ஒரு நினைவுக் குறிப்பை வெளியிட்டார். மாணவர்களுக்கு இது பெரிதும் உதவியது. ஆனால் ஆப்கார் என்பது ஒருவரின் பெயரன்று, வெறும் எழுத்துக் கோவை எனப் பலர் கருதவும் இதுவே காரணமாயிற்று.

பிறவிக் குறைபாடுகள்

1959 இல், தம் ஐம்பதாம் வயதில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுநலவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதன்பின் கொலம்பியாவுக்குத் திரும்பாமல் மார்ச் ஆஃப் டைம்ஸ் எனப்படும் தேசிய அறக்கட்டளையில் சேர்ந்தார். இளம்பிள்ளை வாதத்தை எதிர்க்க 1938 இல் நிறுவப்பட்ட இவ்வமைப்பு, தடுப்பூசி வெற்றிபெற்றபின் 1958 இல் பிறவிக் குறைபாடுகளின் பக்கம் திரும்பியிருந்தது. அப்பிரிவுக்கு ஆப்கார் தலைமை தாங்கினார். பிறவிக் குறைபாடுள்ள குழந்தையைக் குடும்பத்தார் மறைத்துவைத்த காலம் அது. ஊர் ஊராகச் சென்று, வேகமான பேச்சும் வெளிப்படையான நகைச்சுவையுமாக, இவர் அதைப் பொதுவில் பேசப்படும் மருத்துவச் செய்தியாக மாற்றினார். 1964-65 இல் அமெரிக்காவில் ருபெல்லா பெருமளவில் பரவிக் கருவிலிருந்த குழந்தைகளைப் பாதித்தது. அதற்கான தடுப்பூசி வந்தபின் அதைப் பரவலாக்க இவர் வலியுறுத்தினார். பெற்றோருக்காக ஜோன் பெக் என்பவருடன் இணைந்து எழுதிய நூல் 1972 இல் வெளியானது. கார்னெல் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார்.

இசை

சிறுவயது முதல் வயலின் வாசித்த ஆப்கார், பின்னர் இசைக்கருவி செய்வோரான கார்லீன் ஹட்சின்ஸ் என்பவரிடம் கருவி செய்யவும் கற்றார். 1957 இல் மருத்துவமனைத் தொலைபேசிக் கூண்டில் இருந்த மேப்பிள் மரப் பலகை வியோலாவின் பின்புறத்துக்கு மிகப் பொருந்தும் என்று இருவரும் கண்டனர். கேட்டும் கிடைக்காததால், ஓர் இரவில் அதைக் கழற்றி எடுத்து, அவ்விடத்தில் வேறு பலகையைப் பொருத்திவிட்டனர். கொண்டுவந்த பலகை சற்று நீளமாக இருந்ததால், ஹட்சின்ஸ் அருகிலிருந்த பெண்கள் கழிவறைக்குள் அதை அறுக்க, ஆப்கார் வெளியே காவல் நின்றார். அந்த வியோலா இவர் செய்த நான்கு கருவிகளுள் ஒன்று. ஐம்பது வயதுக்குப் பின் விமானம் ஓட்டவும் பயின்றார்.

இறுதிக் காலமும் சிறப்புகளும்

ஆப்கார் திருமணம் செய்துகொள்ளவில்லை. பணியிலிருந்து ஓய்வும் பெறவில்லை. கல்லீரல் இழைநார் வளர்ச்சி நோயால், தாம் பயின்று பணியாற்றிய கொலம்பியா-பிரெஸ்பிட்டேரியன் மருத்துவ மையத்திலேயே காலமானார். உடல் வெஸ்ட்ஃபீல்டில் அடக்கம் செய்யப்பட்டது. 1973 இல் கொலம்பியா மருத்துவக் கல்லூரியின் முன்னாள் மாணவர் தங்கப் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண்ணாக விளங்கினார். 1994 இல் இவர் உருவம் பொறித்த 20 சென்ட் அஞ்சல்தலையை அமெரிக்க அரசு வெளியிட்டது. அவ்விழாவில் இவர் செய்த கருவிகள் இசைக்கப்பட்டன. ஆப்கார் தாமும் அஞ்சல்தலை சேகரித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.