பங்கு கேட்ட வள்ளல் ஜூலியஸ் றோசன்வால்ட்

செல்வம் படைத்தோர் உலகிற் பலர். அச்செல்வத்தைப் பிறர்க்கு ஈவோர் அவருட் சிலர். வாங்குவோர் தலை தாழாவண்ணம் ஈயக் கற்றவரோ மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவராக எண்ணத்தக்கவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்த ஜூலியஸ் றோசன்வால்ட் என்னும் பெருவணிகர். பொருளுதவி பெறும் மக்களை இரவலராக்காமல், ஊர்க்கருமத்தைத் தாமே முன்னின்று நடத்தும் குடிமக்களாக்குவது எப்படி என்பதை அவருடைய வாழ்க்கை காட்டுகின்றது. பொருட்பலம் எங்கே வழுக்கிவிடும் என்பதையும் அதே வாழ்க்கை காட்டுகின்றது.

பிறப்பும் வாணிகமும்

றோசன்வால்ட் 1862 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 12 ஆந் திகதி இலினோய் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிற் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதர். தந்தையார் ஊரூராய்ப் பொருள் சுமந்து விற்றுப் பின்பு துணிக்கடை வைத்தவர். அடிமைத்தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கன் சனாதிபதியாகுமுன் வாழ்ந்த வீடு, றோசன்வால்ட் பிறந்த வீட்டுக்கு மிக அண்மையில் இருந்தது.

பதினாறாம் வயதிற் பள்ளிப் படிப்பை விடுத்து, நியூயோர்க் நகரில் இருந்த மாமன்மாரிடம் துணி வாணிகம் பழகினார். பின்னர் சிக்காகோவில் ஆடைத் தொழில் நடத்தி, 1895 இல் சியேர்ஸ் றோபக் கொம்பனியிற் பங்காளராகச் சேர்ந்தார். பெருங்கடைகளைக் கண்டறியாத கிராமத்துக் கமக்காரருக்குப் பொருள் விபரப் புத்தகத்தை அனுப்பி, அவர் கேட்டெழுதிய பொருளை வீடு தேடி அனுப்பும் வாணிகம் அது. 1908 முதல் 1924 வரை அவர் அதன் தலைவராயிருந்தார். நாட்டின் மிகப் பெரிய வாணிக நிலையங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது, அவரும் பெருஞ்செல்வரானார்.

மனத்தைத் தொட்ட நூல்

1910 இல், புக்கர் வாஷிங்டன் என்பாரின் சுயசரிதம் அவர் கைக்குக் கிட்டியது. வாஷிங்டன் அடிமையாய்ப் பிறந்து, முயன்று கற்று, அலபாமா மாநிலத்து டஸ்கீகியிற் கறுப்பின மக்களுக்கெனப் பெருங் கல்விநிலையம் அமைத்தவர். அடுத்த ஆண்டு இருவரும் சந்தித்து நண்பராயினர். 1912 இல் றோசன்வால்ட் டஸ்கீகி நிலையத்தின் பரிபாலன சபையிற் சேர்ந்தார்.

அக்காலத் தென்மாநிலங்களின் நிலைமையை வாசகர் அறிதல் வேண்டும். இனத்துக்கு இனம் வெவ்வேறு பள்ளி வைப்பது சட்டத்துக்கு முரணன்று என்னும் கொள்கை, 1896 ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பால் நிலைபெற்றிருந்தது. பிரிவு மட்டும் நடந்தது, சமத்துவம் நடக்கவில்லை. கறுப்பினத்தார் செலுத்திய வரியின் பெரும்பயன் வெள்ளையர் பள்ளிகளுக்கே போயிற்று. அரசியல் யாப்பு அவர்க்கு வாக்குரிமை அளித்திருந்தும், தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வாக்குச்சாவடியின் வாயிலை அடைத்து நின்றன. ஆகவே அங்கே ஒரு பள்ளிக்கூடம் எழுப்புவது கல்விப்பணி மாத்திரமன்று. குடியாட்சியின் அத்திவாரத்துக்குக் கல் எடுத்து வைக்கும் பணியுமாயிற்று.

பங்கு கேட்ட கொடை

1912 இல் தமது ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி வழங்கிய கொடைகளுள், 25,000 டொலரை வாஷிங்டனிடம் றோசன்வால்ட் ஒப்புவித்தார். அதில் எஞ்சிய சிறு தொகையைக் கொண்டு, அலபாமாக் கிராமங்களில் ஆறு சிறு பள்ளிகள் கட்ட அனுமதி கேட்டார் வாஷிங்டன். அவற்றுள் முதலாவது 1913 இல் லோச்சபோக்கா என்னும் ஊரில் எழுந்தது. அதற்குச் செலவான ஏறக்குறைய 940 டொலரில் றோசன்வால்ட் கொடுத்தது 300 மட்டுமே.

செல்வர் முழுவதையும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் அவர் கொடையின் நுட்பம் இருக்கின்றது. ஊரார் பணமாகவோ நிலமாகவோ மரமாகவோ உடலுழைப்பாகவோ தம் பங்கைத் தரவேண்டும். அரசாங்கக் கல்விச் சபை அக்கட்டிடத்தைப் பொதுப் பாடசாலையாக ஏற்று நடத்தவேண்டும். இவ்விரண்டும் இருந்தால் மாத்திரமே அவர் பணம் வரும்.

வறுமையில் வாடிய அம்மக்கள் தம் பங்கை எவ்வாறு தேடினர்? பருத்தி வயலில் ஒரு துண்டைப் பள்ளிக்கென ஒதுக்கிப் பயிரிட்டனர். கோழி விற்றனர், தேவாலயங்களில் விருந்து சமைத்து விற்றனர். காசில்லாதவர் மரந்தறித்தும் சுவரெழுப்பியும் உழைத்தனர். கூட்டங்கூடவும், நிதி சேர்க்கவும், கணக்குக் காட்டவும், அதிகாரிகள் முன்சென்று உரிமையோடு பேசவும் பழகினர். வாக்குச்சாவடி அடைபட்டிருந்த காலத்திற் குடியாட்சியின் பாலபாடத்தை அப்பள்ளிக்கூட வளவிலேயே கற்றனர் எனலாம்.

வாஷிங்டன் 1915 இற் காலமானார், பணி நிற்கவில்லை. 1917 இல் றோசன்வால்ட் நிதியம் நிறுவப்பட்டது. மின்விளக்கில்லாத கிராமங்களில் சூரியவெளிச்சம் வகுப்பறை முழுதும் பரவ, உயர்ந்த யன்னல்களைக் கிழக்கும் மேற்குமாக அமைக்கும் கட்டிடப் படங்கள் ஊரார்க்கு வழங்கப்பட்டன. 1932 வரையில் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளும், ஆசிரியர் விடுதிகளும் தொழிற்கூடங்களுமாக மொத்தம் 5,357 கட்டிடங்கள் எழுந்தன. செலவு ஏறக்குறைய 2 கோடி 84 இலட்சம் டொலர். அதில் அரசாங்க வரிப்பணம் 1 கோடி 81 இலட்சம். நிதியம் தந்தது 44 இலட்சம். வெள்ளையர் அன்பளிப்பு 12 இலட்சம். ஏழைக் கறுப்பின மக்கள் தந்தது 47 இலட்சம். வள்ளலின் பங்கிலும் ஏழைகளின் பங்கு மிகுந்து நின்றது!

குறையும் கூறவேண்டும்

பெரியோர் சரிதத்தை எழுதுவோர் குறைகளை மறைத்தல் முறையன்று. வரி செலுத்திய மக்களை மீண்டும் பணந் தரச் செய்தமை இரட்டை வரி போன்றது என்று கண்டித்தோர் உளர். பிரிவினைச் சட்டத்தை அவர் நேர்நின்று எதிர்க்கவில்லை. அதனுள் நின்றே பணிசெய்தார். இக்கண்டனங்களில் உண்மையுண்டு.

மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. சிக்காகோ நகரசபையின் வரவுசெலவை ஆராய்ந்து மக்களுக்கு வெளிப்படுத்தும் ஒரு கழகத்துக்கு 1910 முதலாகத் தலைமை தாங்கியவர் அவர். அரசியலில் நேர்மையை விரும்பியவர். 1926 இல் இலினோயில் செனற் சபைக்குப் போட்டியிட்ட பிராங்க் ஸ்மித் என்பவர், மின்சாரக் கொம்பனிகளை மேற்பார்வை செய்யும் அரசாங்க ஆணைக்குழுவின் தலைவராயிருந்துகொண்டே, அத்தகைய கொம்பனிகளின் அதிபரிடம் தேர்தலுக்குப் பெருந்தொகை பெற்றார். இதனாற் கொதித்த றோசன்வால்ட், போட்டியிலிருந்து விலகினால் ஐந்தரை இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பங்குகளைத் தருவதாக ஸ்மித்திடம் தனிமையிற் கூறினார். ஸ்மித் இணங்கவில்லை, தேர்தலில் வென்றார். ஆயினும் செனற் சபை அவரை ஏற்க மறுத்துவிட்டது. பிற்காலத்தில் இச்செய்தி வெளியாயிற்று. நோக்கம் நல்லதே, வழி பிழை. பள்ளிகளுக்கு ஊரறியக் கொடுத்து ஊராரையும் பங்காளராக்கிய கை, இங்கே ஊரறியாமல் மக்களின் தீர்ப்பைத் தானே மாற்ற முற்பட்டது. முன்னது குடியாட்சியை வளர்த்தது. பின்னது வென்றிருப்பினும் குடியாட்சிக்கு ஊறே செய்திருக்கும்.

தன்னைத் தானே முடித்த நிதியம்

முதலை முடக்கி வட்டியை மட்டும் என்றென்றும் வழங்கும் தருமநிதிகளை அவர் விரும்பவில்லை. அந்தந்தத் தலைமுறையின் தேவையை அந்தந்தத் தலைமுறையே அறியும் என்பது அவர் கொள்கை. தாம் இறந்து 25 ஆண்டுகளுக்குள் முழுப்பணமும் செலவாகவேண்டும் என 1928 இல் விதித்தார். 1932 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆந் திகதி அவர் காலமானார். 1948 இல் நிதியம் தன் பணத்தையெல்லாம் வழங்கித் தன்னை மூடிக்கொண்டது. அவர் பொருளுதவியால் சிக்காகோவில் அமைந்த விஞ்ஞான, கைத்தொழிற் பொருட்காட்சிச்சாலைக்குத் தம் பெயரிடவும் அவர் இசையவில்லை.

விளைந்த பயிர்

எழுத்தாளர், இசைவாணர், ஆராய்ச்சியாளர் பலருக்கு நிதியம் உதவிப்பணம் அளித்தது. அதைப் பெற்றவருள் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளநூல் தம்பதியரும் அடங்குவர். பிரிவினை குழந்தைகளின் உள்ளத்தைப் புண்படுத்துவதைப் பொம்மைகளைக் கொண்டு இவர்கள் ஆராய்ந்தனர். பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என 1954 இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவ்வாராய்ச்சியும் எடுத்துக்காட்டப்பட்டது. றோசன்வால்ட் எதிர்த்து நில்லாத பிரிவினையை வீழ்த்துவதற்கு அவர் பணமே துணைநின்றது.

அலபாமாவில் இத்தகைய சிறு பள்ளியொன்றிற் படித்தவர் ஜோன் லூயிஸ். 1965 ஆம் ஆண்டு மார்ச் 7 ஆந் திகதி, வாக்குரிமை கோரிச் செல்மா நகரப் பாலத்தின்மேல் ஊர்வலத்தின் முன்னே நடந்து, பொலிசாரின் அடியால் மண்டை உடைந்தவர். அவ்வாண்டிலேயே வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. 1987 முதல் 2020 இல் இறக்கும் வரை அவர் காங்கிரஸ் சபை உறுப்பினராய் இருந்தார். பருத்தி விற்ற காசும் பெருவணிகரின் காசும் கலந்து எழுந்த பள்ளிக்கூடம், வாக்குச்சாவடியின் கதவைத் திறக்கும் கைகளையும் வளர்த்தது.

இளைஞர்களே! கொடுக்கும் நாள் வரும்போது, வாங்குவோரையும் பங்காளராக்கிக் கொடுங்கள். ஊரறியக் கொடுங்கள். கொடுத்தபின் விலகி நில்லுங்கள். றோசன்வால்ட் சென்ற நல்வழியும் தவறிய இடமும் நமக்கு உணர்த்துவது இதுவே.