ஓடிப்போன சிறுவனும் ஊர் கொடுத்த மேடையும்

பணி ஓய்வுக்குப் பின் ஆண்டில் பாதி நாள்களைக் கொல்லிமலையில் கழிக்கிறேன். செம்மேட்டை அடுத்த சிற்றூரில், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே சிறிய வீடு. பேராசிரியர் என்று தெரிந்த நாளிலிருந்து, வங்கிப் படிவம் நிரப்புவது முதல் பிள்ளைகளின் மேற்படிப்பு வரை ஊரார் என்னிடம் கேட்பதுண்டு. கடந்த தை மாதம் ஒரு மூதாட்டி வந்து கேட்டது மட்டும், முப்பது ஆண்டுக் காலம் பொருளியல் நடத்திய எனக்கு உடனே விடை சொல்ல முடியாததாக இருந்தது.

அவருடைய பேரனுக்குப் பதினான்கு வயது. தந்தை இறந்தபின், நகரத்துப் பனியன் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் தாய், மகனை மலைக்கு அனுப்பிவிட்டார். புது ஊர், புதுப் பள்ளி. பையன் யாரோடும் பேசுவதில்லை. வகுப்புக்குச் செல்வதாகச் சொல்லிவிட்டுக் காட்டுக்குள் போய் உட்கார்ந்திருப்பான். கோயில் நோன்புக்குக் கீழ்நாட்டிலிருந்து தெருக்கூத்துக் குழு ஒன்று வந்தபோதுதான் அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. மூன்று இரவுகள் மிருதங்கக்காரர் அருகிலேயே உட்கார்ந்திருந்தவன், நான்காம் நாள் அந்தக் குழுவோடு மலையிறங்கிவிட்டான். இரண்டு நாள் தேடி அழைத்து வந்தார்கள். இனி இவனை அடிப்பதா, அனுப்புவதா என்பது மூதாட்டியின் கேள்வி.

எனக்கு நினைவுக்கு வந்தவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். இன்றைய இளைஞர்களுக்கு அவர் பழைய படத்தில் நீண்ட கூந்தலோடு நிற்கும் ஓர் உருவம் மட்டுமே. பெரியவர்களோ, அவர் உச்சியில் இருந்து வீழ்ந்த கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அவர் வாழ்வின் முதல் பதினாறு ஆண்டுகளை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

1910 மார்ச்சில் மாயவரத்தில் பிறந்தவர் தியாகராஜன். தந்தை கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி பொற்கொல்லர். மகன் பிறந்த சில காலத்துக்குள் குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பட்டறைத் தொழிலின் நிச்சயமின்மையை அறிந்த எந்தத் தந்தையையும் போலவே, மகன் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். மகனுக்கோ பாட்டைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. கண்டிப்பு முற்றியபோது சிறுவன் வீட்டை விட்டு ஓடிப்போனான்.

அவன் போய்ச் சேர்ந்த இடம் கடப்பை. நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தெலுங்கு பேசும் ஊர். தேடி அலைந்த தந்தை இறுதியில் மகனைக் கண்டபோது, அவன் பாடிக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஒரு கூட்டம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது என்கிறார்கள் அவர் வாழ்க்கையை எழுதியவர்கள். தன் மொழி அறியாத ஊரில், பத்து வயது நிரம்பாத ஒரு பிள்ளை குரலை மட்டும் நம்பி நின்ற காட்சி அது. தந்தையின் மனம் அங்கே மாறியது. அவர் மகனைத் திருச்சிக்கு அழைத்து வந்தார்; பாடவும் அனுமதித்தார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டால், பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் போதும் என்ற எளிய நீதி கிடைக்கும். பொருளியல் படித்தவன் அப்படி நிறுத்தக் கூடாது. வென்றவர்களை மட்டும் எண்ணிக் கணக்கிடுவது எங்கள் துறையில் பெரும்பிழை. வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகளில் ஒருவர் பாகவதரானார். பெயரின்றி ரயில் நிலையங்களில் கரைந்துபோனவர்களை எந்த வரலாற்று நூலும் பதிவு செய்யவில்லை. எனவே கேட்க வேண்டிய கேள்வி, அவன் ஏன் ஓடினான் என்பதைவிட, திரும்பி வந்தவனுக்கு ஊர் என்ன கொடுத்தது என்பதுதான்.

திருச்சி அவனுக்கு மூன்றைக் கொடுத்தது. முதலாவது, ஒரு சபை. தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர், அலுவல் நேரம் போக நாடகத்துக்காகவே வாழ்ந்தவர். ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர். பஜனையில் பாடிக்கொண்டிருந்த சிறுவனின் குரல் அவர் காதில் விழுந்தது. அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக அவனை மேடையேற்றினார். அப்போது அவனுக்குச் சுமார் பத்து வயது. கேட்கத் தெரிந்த ஒரு பெரியவரும், அவர் கையில் ஓர் அமைப்பும் அந்த ஊரில் இருந்திருக்காவிட்டால் அந்தக் குரல் பஜனைக் கூடத்தோடு நின்றிருக்கக்கூடும்.

இரண்டாவது, ஆசிரியர்கள். முதல் கைதட்டலிலேயே தந்தை மகனை ஊர் ஊராக அழைத்துச் சென்று பணம் ஈட்டியிருக்கலாம். மாறாக, வயலின் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் ஆறாண்டுக் காலம் கர்நாடக இசை பயின்றான் சிறுவன். நடிப்புக்கு நடராஜ வாத்தியார். பள்ளிக் கட்டுப்பாட்டிலிருந்து ஓடியவன், அதைவிடக் கடுமையான ஒரு கட்டுப்பாட்டுக்குத் தானே தலை கொடுத்தான். பதின்பருவத்தின் அலைபாய்ச்சல் முழுவதும் சாதகத்தில் கரைந்தது.

மூன்றாவது, அங்கீகாரம். 1926இல் நடந்த அரங்கேற்றக் கச்சேரியில் கஞ்சிரா மேதை புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை உடனிருந்து, அந்த இளைஞரைப் பாகவதர் என்று அவையறிய அழைத்தார் என்பது வரலாறு. பொற்கொல்லர் மகனுக்கு அன்று கிடைத்த பட்டம், பின்னர் அவருடைய பெயராகவே நிலைத்துவிட்டது.

அதன்பின் நடந்தவை பலரும் அறிந்தவை. பவளக்கொடி நாடகத்தில் அர்ஜுனனாக நடித்துப் புகழ்பெற்றார். 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் அதே நாடகம் படமானபோது, அவரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் திரைக்கு வந்தார்கள். அதில் ஐம்பது பாட்டுகள். இசையமைத்தவர் பாபநாசம் சிவன். 1937இல் சிந்தாமணி. அந்தப் படம் ஈட்டிய இலாபத்தில் மதுரையில் ஒரு திரையரங்கமே எழுந்து அந்தப் பெயரையே தாங்கி நின்றது. 1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ், சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

ஆனால் அந்த மூன்று தீபாவளிகளில் பெரும்பகுதியைப் பாகவதர் சிறையில் கழித்தார். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலையுண்டார். அடுத்த மாதம் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மறு விசாரணைக்குப் பின் 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். வெளியே வந்தபோது தமிழ்த் திரையுலகின் சுவை மாறத் தொடங்கியிருந்தது. ராஜமுக்தி, அமரகவி, சியாமளா என்று படங்கள் வந்தன. பழைய வெற்றி திரும்பவில்லை. 1959 நவம்பர் 1 அன்று, ஐம்பது வயதை எட்டுமுன்னரே அவர் மறைந்தார்.

இந்த வீழ்ச்சியை வைத்து, கலையை நம்பியவன் கதி இதுதான் என்று முடிவு கட்டுவோர் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. வழக்கு அவரிடமிருந்து பறித்தது சந்தையை. ஆறாண்டுகள் பொன்னு ஐயங்காரிடம் பெற்ற வித்தையை எந்த நீதிமன்றமும் பறிக்க முடியவில்லை. விடுதலைக்குப் பின்னும், இறுதி நாள்கள் வரையிலும் அவர் பாடினார். சிறுவயதில் கடப்பைத் தெருவில் அவரைத் தாங்கி நின்றது எதுவோ, அதுவே கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் தாங்கி நின்றது. வருமானமாக மட்டும் பார்த்தால் அது நட்டக் கணக்கு. ஒரு மனிதன் தன்னை இழக்காமல் இருப்பதற்கான காப்பீடாகப் பார்த்தால், அவர் தந்தை செய்த முதலீடு வீண்போகவில்லை.

பாணர்களையும் கூத்தர்களையும் பேணிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. வன்பரணர் போன்ற புலவர்கள் அவன் கொடையைப் பாடியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு அவனுக்கு விழா எடுக்கிறது. ஆனால் இன்று இந்த மலையில் ஒரு சிறுவன் மிருதங்கம் கற்க வேண்டுமானால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் போக வேண்டும். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளும் ஜவகர் சிறுவர் மன்றங்களும் நல்ல அமைப்புகள். ஆனால் அவை நகரங்களில் இருக்கின்றன. வாரத்துக்கு இரு நாள் ஓர் ஆசிரியரை மலைக்கு அனுப்ப ஆகும் செலவு, விழாப் பந்தலுக்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாக இருக்காது என்றே எண்ணுகிறேன். நம்மிடம் தியாகராஜன்களுக்குப் பஞ்சமில்லை. நடேச ஐயர்களுக்குத்தான் பஞ்சம்.

மூதாட்டிக்கு நான் சொன்ன யோசனை எளியது. அடிக்கவும் வேண்டாம், அனுப்பிவிடவும் வேண்டாம். அந்தக் கூத்துக் குழுவின் வாத்தியாரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி. சனி, ஞாயிறு அவரிடம் பாடம். கூத்து மேடை, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகே என்று ஓர் ஒப்பந்தம் ஆனது. வாத்தியாரே சனிக்கிழமை காலைப் பேருந்தில் மேலே வருகிறார். பயணச் செலவை நானும் பள்ளி ஆசிரியர்கள் இருவரும் பகிர்ந்துகொள்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில திங்கள்கிழமைகளில் அவன் இன்னும் பள்ளிக்குப் போவதில்லை. கணக்கில் மதிப்பெண் குறைவுதான். ஆனால் மாலை நேரங்களில் அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து மிருதங்க ஒலி கேட்கிறது. ஒரே பாடத்தைத் தவறாகவும், சற்றுக் குறைந்த தவறோடும் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். காட்டுக்குள் போய் உட்காருவதை நிறுத்திவிட்டான் என்று பாட்டி சொல்கிறார். போன வாரம் அவன் தாய் ஊருக்கு வந்திருந்தபோது, வாசலில் நின்று அவன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாராம்.