உண்ணியைச் சோதித்த மருத்துவர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ்

மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் உண்ணியை நாம் அனைவரும் அறிவோம். அருவருப்புடன் பிடுங்கி எறிந்துவிட்டு அப்பால் செல்கிறோம். அந்த உண்ணிகளைத் தேடிச் சேர்த்து, அவற்றுள் நோய் உண்டா என்று சோதிப்பதில் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைச் செலவிட்டார் ஹோவர்ட் டெய்லர் ரிக்கெட்ஸ்.

1871ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் பிறந்த இவர், மருத்துவம் பயின்று, 1902இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அங்கிருந்து 1906இல் மொன்டானா மாநிலத்துக்குச் சென்றார். அங்கே பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் இளவேனிற்காலத்தில் ஒரு கொடிய காய்ச்சல் தோன்றும். உடலெங்கும் புள்ளிகள் படரும். நோயுற்றோரில் பத்துக்கு ஏறத்தாழ ஏழு பேர் மாண்டனர். மலையில் உருகிவரும் பனிநீரைப் பருகுவதே காரணம் என்று மக்கள் பலர் நம்பினர். உண்ணியின்மீது ஐயங்கொண்ட மருத்துவர்களும் இருந்தனர். ஆனால் ஐயம் வேறு, சான்று வேறு அல்லவா?

மிசூலா நகரில் ஒரு மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து ரிக்கெட்ஸ் வேலையைத் தொடங்கினார். நோயாளியின் இரத்தத்தைக் கினிப்பன்றிக்குச் செலுத்த, அதற்கும் காய்ச்சல் கண்டது. அதன்மேல் ஓர் உண்ணியைக் கடிக்க விட்டு, பின்பு அதே உண்ணியை நலமான மற்றொரு கினிப்பன்றியின்மேல் விட்டார். அதுவும் நோயுற்றது! ஆயினும் அது அவரே நோயூட்டிய உண்ணி. புதரில் திரியும் உண்ணியிடம் நோய் உண்டா? அந்த வட்டாரத்து உண்ணிகளைச் சேகரித்துக் கடிக்கவிட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை தீங்கற்றவை, மிகச் சிலவே நோயைச் சுமந்தன. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் நோய் செல்வதைக் கண்டார். 1909இல் அந்த முட்டைகளிலும் நோயாளியின் இரத்தத்திலும் மிக நுண்ணிய கிருமிகளைக் கண்டதாக அறிவித்தார். அவற்றுக்குப் பெயர் சூட்டவில்லை.

மொன்டானா அரசின் நிதி வரத் தாமதமாகவே, அவ்வாண்டின் இறுதியில் மெக்சிகோ நகருக்குச் சென்றார். அங்கே டைபஸ் காய்ச்சல் பரவியிருந்தது. (நாம் அறிந்த டைபாய்டு வேறு, இது வேறு.) சீலைப்பேனே இதனைப் பரப்புகிறது என்பதை, மாணவர் ரஸ்ஸல் வைல்டருடன் சேர்ந்து குரங்குகளைக் கொண்டு மெய்ப்பித்தார். அந்தக் காய்ச்சலே அவரையும் பற்றியது. 1910 மே 3ஆம் நாள், மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு, 39ஆம் வயதில் மறைந்தார்.

1916இல் பிரேசில் அறிஞர் ரோஷா லீமா டைபஸ் கிருமியின் இனத்துக்கு ரிக்கெட்ஸியா என்று பெயரிட்டார்.

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கின் ஹாமில்டன் ஊரில் 1928இல் உண்ணி ஆய்வுக்கூடம் ஒன்று எழும்பியது. உண்ணிகள் தப்பி வருமோ என்று ஊரார் அஞ்சியதால், கட்டடத்தைச் சுற்றி அகழி அமைத்தார்களாம்! அங்கேதான் 1981இல் வில்லி புர்க்டார்ஃபர், நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்த உண்ணிகளின் உடலைப் பிளந்து, ரிக்கெட்ஸின் கிருமியைத் தேடினார். அது கிடைக்கவில்லை. மாறாக, சுருள்வடிவான வேறொரு கிருமி தென்பட்டது. லைம் நோயை உண்டாக்குவது அதுவே.